நுன்சியாவுக்குக் கொடுத்த கரண்ட்

நேப்பிள்ஸ் நகரத்துச் சானிதாத் தெருவில் நுன்சியாவின் காபிக்குத் தனி மரியாதை. கடை தம்பி தொம்மாசோ பேரில் இருந்தாலும் காபி மெஷின் அவளுடையதாகத்தான் இருந்தது. நேப்பிள்ஸ்காரர்களுக்குக் காபி என்றால் கைப்பிடியை இழுத்து இறக்குவதுதான். பொத்தானை அமுக்கினால் கொட்டுவதை மிலான்காரன் குடிக்கட்டும் என்பார்கள். அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் முரட்டு ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. பாதியில் கை நழுவினால் எகிறி வந்து தாடையைப் பெயர்த்துவிடும். இத்தனை வருஷத்தில் அது நுன்சியாவிடம் மட்டும் வாலாட்டியதே இல்லை.

பக்கவாதம் வந்து வலது கை துவண்டபோது தொம்மாசோ ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அழுதான்.

"நீ இழுக்க முடியற அன்னிக்கு வந்து நில்லுக்கா. உன் இடம் உனக்குத்தான்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் பக்கவாதம் வந்தவர்களுக்காக ஓர் ஆராய்ச்சி நடந்தது. உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுப் பட்டைகளைத் தலையில் கட்டி, மெல்லிய கரண்டை மண்டைக்குள் விடுவார்கள். டாக்டர் ஒர்னெல்லா சின்ன வயசுக்காரி, சிரித்த முகம்.

"கரண்ட் கதவைத் தட்டும், அவ்வளவுதான் நுன்சியாம்மா. உள்ளே போக வேண்டியது உங்க கை. கரண்ட் வச்சதும் கொஞ்ச நேரம் மூளை இளகி இருக்கும், அப்போ கைக்கு வேலை கொடுங்க. எந்தக் கை வேலை செய்யுதோ அதுக்குத்தான் மூளை இடம் கொடுக்கும். சும்மா கிடக்கிற கையை மறந்துடும்."

சில பேருக்குப் பொய்க் கரண்ட்தான் வைப்போம், யாருக்கு என்று எங்களுக்கே தெரியாது என்றும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அந்தச் சில பேரில் தானும் ஒருத்தி என்று எவளுக்குத்தான் தோன்றும்?

இளகின மூளை இறுகிவிடப் போகிறதே என்று அவள் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடிவருவாள். வந்ததும் ஜன்னல் ஷட்டரைத் தூக்கும் பட்டையை வலது கையால் பிடித்து இழுப்பாள். முதலில் விரல்கள் பட்டையைப் பற்றவே மறுத்தன. பிறகு ஷட்டர் ஒரு சாண் எழும்பியது, பிறகு பாதி ஜன்னல். கடகடவென்று மேலே போகும், தடாலென்று கீழே விழும்.

"அடியே நுன்சியா, விடிஞ்சுதா இருட்டிடுச்சான்னு ஏதாவது ஒரு முடிவுக்கு வா!" என்று எதிர்வீட்டு பிலொமேனா பால்கனியிலிருந்து கத்துவாள்.

"உன் மூஞ்சியைப் பாக்கறப்பல்லாம் மூடத் தோணுதுடி, நான் என்ன செய்ய?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் கரண்டைப் பற்றித் தங்களுக்குள் பேசக்கூடாது என்று கட்டளை. நேப்பிள்ஸில் வாயை மூடச் சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்? டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ரொக்கோ பக்கத்து நாற்காலிக்காரர்.

"எனக்குக் கடைசி வரைக்கும் குறுகுறுங்குது. கைதான் அசைய மாட்டேங்குது. உனக்கு எப்படி?"

"எனக்கு ஆரம்பிச்சதும் அடங்கிடும். என் மூளை ஒரே மடக்குல குடிச்சிடுது போல" என்றாள் பெருமையாக. பாவம், மந்த மூளைக்காரர் என்று அவருக்காக மெழுகுவத்திகூட ஏற்றினாள்.

கடைசியில் ஒருநாள் கடைக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். தொம்மாசோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். இழுத்தாள், அது இறங்கியது, காபி வந்தது. கடையே கைதட்டியது. "கரண்ட்டுன்னா கரண்ட்டுதான்" என்றார்கள் வாடிக்கையாளர்கள். அவளும் ஆமாம் ஆமாம் என்றாள். அன்றிலிருந்து மெஷின் மறுபடி அவள் கைக்கு வந்தது.

ஆராய்ச்சி முடிந்து ரகசியம் உடைந்த அன்று டாக்டர் ஒர்னெல்லா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வச்சது வெறும் பாவனை நுன்சியாம்மா! கொஞ்சம் குறுகுறுத்துட்டு மெஷின் தானா அணைஞ்சுடும்."

"அப்போ என் கை?"

"அது முழுக்க உங்க உழைப்பு. நீங்க இழுத்து இழுத்து நீங்களே சரி பண்ணினது!"

முதலில் வயிறு எரிந்தது. இத்தனை நாளும் உப்புத் தண்ணீரையா தலையில் சுமந்தேன் என்று இருந்தது. ஆனால் பஸ் மலையிறங்க இறங்க அந்த எரிச்சலே கர்வமாக மாறிவிட்டது. எவன் கரண்டும் இல்லை, என் கை, நானே மீட்டது. அந்தக் கர்வத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கடைக்குள் நுழைந்ததும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். சொன்னது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது தம்பியின் முகத்தில் தெரிந்தது.

"அப்போ உனக்கு வைத்தியமே பண்ணலையா?" என்றான் தொம்மாசோ.

"பண்ணாமலேதான்டா இழுக்கறேன்!"

"அது எத்தனை நாளைக்கு வரும்? பாதியில விட்டுதுன்னா தாடை போயிடும்க்கா."

அவள் கைப்பிடியை இழுத்து ஒரு காபி இறக்கி நீட்டினாள். "எங்கே, இந்தக் காபியைக் குடிச்சுச் சொல்லு."

குடித்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான். ஆனாலும் மெஷினுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான்.

பொய்க் கரண்ட் வாங்கினவர்களுக்கு நிஜத்தையும் வைப்பதாக டாக்டர் சொல்லியிருந்தாள். "அதை வாங்கிட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்றான் தம்பி. நன்றாக இருந்த கைக்கு வைத்தியம் பார்க்க நுன்சியா மறுபடி மலையேறினாள். இம்முறை தலை கடைசி வரை குறுகுறுத்தது. கை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மேலே போவதற்கு இடமில்லாமல் அது ஏற்கெனவே நன்றாக இருந்தது.

கடைசி நாள் நேராகக் கடைக்கு வந்தாள். மெஷின் இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு பெட்டி, வரிசையாகப் பொத்தான்கள்.

"உனக்காகத்தான்க்கா. ஒரு விரல் போதும்" என்றான் தொம்மாசோ. அவன் கண்ணில் நிஜமாகவே அன்பு இருந்தது, அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"பழசு எங்கேடா?"

"ஓட்டல்காரன் ஒருத்தன் எடுத்துட்டுப் போனான். வாசல்ல அலங்காரமா வைக்கப் போறானாம்."

"நிஜக் கரண்ட் வாங்கிட்டு வந்துட்டேன்டா."

"நல்லதாப் போச்சு. வீட்டு வேலைக்கு ஆகும்."

நுன்சியா ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். வலது கையை அதன் பைக்குள் விட்டுக்கொண்டு, இடது கைச் சுண்டுவிரலால் பொத்தானை அமுக்கினாள். காபி வந்தது. யாரும் எதுவும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் பிலொமேனா பால்கனியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். எதிர் ஜன்னலில் ஷட்டர் இறங்கியே கிடந்தது.