கிணறு ஆணா பெண்ணா எண்டு கேட்ட மிசின்

உந்த மிசினைப் பற்றிக் கதைச்சாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஆராய்ச்சிக் கட்டுரையை ஒரு இதழ் ஏற்கிறதுக்கு முன்னாலையே இணையத்திலை போட்டு வைக்கலாம். முன்பதிப்பு எண்டு பேர். போட்ட கையோடை ஒரு மிசின் வாசிக்கும். மனிசர் இல்லை, மென்பொருள். தரவை எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கோ, இன்னொருத்தர் திருப்பிச் செய்து பாக்கலாமோ எண்டு தேடிப்போட்டு, பச்சைச் சரியோ சிவப்புப் புள்ளடியோ போடும்.

எங்கடை கட்டுரை யாழ்ப்பாணத்திலை, வலிகாமத்துக் கிணறுகளைப் பற்றினது. தோட்டத்துக்குப் போடுற உரம் ஊறி இறங்கி, குடிதண்ணியிலை நைத்திரேற்று எவ்வளவு சேர்ந்திருக்கு எண்டு பாத்தம். தண்ணி எடுத்த வீடுகளிலை ஒண்டு திருநெல்வேலியிலை, கம்பஸிலை படிக்கிற பிள்ளையளுக்கு அறையும் சாப்பாடும் குடுத்துப் போடிங்குக்கு வைச்சிருக்கிற ஒரு அன்ரியின்ரை. புருசன் இல்லாத மனிசி. அந்தப் பிள்ளையளாலைதான் அங்கை அடுப்பு எரியுது. "என்ரை கிணறெண்டு வெளியிலை தெரியக்கூடாது பிள்ளை" எண்டு கேட்டவ. "ஓம் அன்ரி, தெரியாது" எண்டு சொல்லித்தான் போத்தலை நிரப்பினனான்.

முதல் தரம் மிசின் ஒரே சிவப்பு. ஆய்வுக்கு உட்பட்டவை ஆணா பெண்ணா எண்டு எழுதேல்லையாம். கிணறப்பா, கிணறு! கிணத்திலை என்ன ஆணும் பெண்ணும்? தரவு "கேட்டால் தரப்படும்" எண்டதும் அதுக்குக் காணாதாம், திறந்து வைக்கட்டாம். ஏன் திறக்கேலாது எண்டு ஒரு முழுப் பந்தி எழுதிப் போட்டன். அதை அது விளங்கினால்தானே!

என்னோடை சேர்ந்து எழுதினவர் வெளிநாட்டிலை இருக்கிற ஒரு சீனியர். அண்ணை எண்டுதான் கூப்பிடுறனான். "விடு தங்கச்சி, நான் பாக்கிறன்" எண்டார். என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல், வீட்டுக்காரரின்ரை பேரை எல்லாம் அழிச்சு, இலக்கம் போட்டு, முழு அட்டவணையையும் ஏத்திவிட்டார். எல்லாம் பச்சை. சந்தோசத்திலை எனக்குப் படமும் எடுத்து அனுப்பினார்.

பேரை அழிச்ச மனிசன், கிணறு எங்கை இருக்கு எண்ட குறிப்பை அழிக்காமல் விட்டிட்டார். எங்கடை பக்கத்திலை ஆர் பேரைச் சொல்லிக் கிணறு காட்டினவை? "நாலு குடும்பத்துப் பங்குக் கிணறு, வைரவர் சூலத்துக்கு வடக்காலை, பக்கத்திலை போடிங்" எண்டு கிடக்கு. சந்தியிலை நிக்கிற ஆட்டோக்காரனே கொண்டுபோய் இறக்கிவிடுவான். இவ்வளவு படிச்சும் இந்த அண்ணைக்கு ஊர் மறந்து போச்சு.

கம்பஸிலை ஒரு பிள்ளை தன்ரை பாடத்துக்கெண்டு அந்தத் தரவை இறக்கியிருக்கு. தான் தண்ணி குடிக்கிற கிணத்தை உடனை அடையாளம் கண்டிட்டுது; நைத்திரேற்று குடிக்கக்கூடிய அளவைத் தாண்டின கிணறு அது. அந்தக் கிழமையே தாய்மார் வந்து எல்லாரையும் கூட்டிக்கொண்டு போட்டினம்.

தரவை எடுங்கோ எண்டு போனிலை கத்தினன். "எடுத்தால் திரும்பச் சிவப்பு விழும் தங்கச்சி" எண்டார். விழட்டுமன்! கோதாரி விழுந்த மிசின், அதுக்கு என்ன போடிங்கோ, உலை வைக்கிற அடுப்போ? எடுப்பிச்சன். சிவப்பு விழுந்தது. ஆனால் போன பிள்ளையள் திரும்பி வரேல்லை.

அன்ரி வீட்டை போனன். கொடியிலை ஒரு உடுப்பும் இல்லை. வாசலிலை வைச்சே ஏசுவா எண்டு நினைச்சன். ஏசியிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். "இருங்கோ பிள்ளை" எண்டுபோட்டு உள்ளை போனா. சீல் உடைக்காத தண்ணிப் போத்தல் ஒண்டைக் கொண்டுவந்து எனக்கு முன்னாலை வைச்சா.

"கடைத் தண்ணிதான். பயப்பிடாமல் குடியுங்கோ."