கொப்புளிப்பானும் ஒரு தீவும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குக் கொப்புளிப்பான், அதுதான் சின்னம்மை, வந்தது. எனக்கும்தான். வளர்ந்தவர்களை உலுப்பிவிடும் என்றார்கள். என் பயம் அதுவல்ல. மனைவிக்கு மூன்று மாதம். அதற்கு முன் ஒன்று தங்கவில்லை. அவளுக்குச் சின்ன வயதில் இந்த வருத்தம் வந்ததா என்று ஊரில் அவள் அம்மாவிடம் கேட்கலாமென்றால், யுத்தத்தில் ஊரோடு தொடர்பே இல்லை.

வெஸ்ட் ஈலிங்கில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. தேம்ஸ் ஆற்றின் நடுவே ஒரு சின்னத் தீவில் படகு திருத்தும் கொட்டகைக்குக் காவலாக இருந்த நண்பர் கேள்விப்பட்டு வந்தார்.

"எனக்குச் சின்னனிலயே வந்திட்டுது அண்ணை. என்னோட வந்து இருங்கோ."

படகில் போகும்போதே திட்டிக்கொண்டு போனேன். கல்யாணத்தை, மாப்பிள்ளையை, கொப்புளிப்பானுக்கு வைக்க ஒரு வேப்பிலைகூட இல்லாத இந்த நாட்டை. நண்பர் கரையில் நின்ற வில்லோ மரத்தில் ஒரு கொப்பை முறித்து வந்தார்.

"இதால தடவுங்கோ. சொறியாதேங்கோ."

இத்தனை எங்கள் சனம் வந்தபிறகு இந்த வருத்தத்தைத் தரும் அம்மாளுக்கும் இங்கத்தைய மரங்கள் பழகியிருக்கும் என்று தடவினேன். கடி கொஞ்சம் அடங்கியது.

இரண்டு வேலை பார்த்தவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கதிரையை அங்கும் இங்கும் இழுத்துப் போட்டேன். வேறு வழியில்லாமல்தான் ஆற்றைப் பார்க்கத் தொடங்கினேன். கடலோடு சேர்ந்து அந்த ஆறும் வற்றும், பெருகும். வற்றினால் சேற்றில் ஒரு நாரை வந்து நிற்கும். நீர்க்காகம் ஒன்று கொடியில் போட்ட சட்டைமாதிரி இறகை விரித்துக் காயவைக்கும். அவ்வளவு நேரம் நான் எதையும் பார்த்ததில்லை. மனம் ஆறியது. பகலிலேயே நித்திரை வந்தது. கண் விழித்ததும் மட்டும் அவளுக்கு வந்திருக்குமோ என்று அக்கரையைப் பார்ப்பேன்.

அவள் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து வருவாள். அப்போது ஆறு ஒடுங்கிவிடும், அக்கரையில் நின்று கத்தினால் கேட்கும். கோட்டின் கையை முழங்கைவரை சுருட்டி, கொப்புளம் இல்லையென்று காட்டுவாள். அந்தத் தூரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் உற்றுப் பார்ப்பேன்.

ஒருநாள் வந்தவள் கையைச் சுருட்டவில்லை.

"இஞ்சேருங்கோ, டாக்டர் இரத்தம் சோதிச்சவர். எனக்குச் சின்னனில வந்து போயிருக்காம். பிள்ளைக்குப் பயமில்லையாம்."

நான் அப்படியே கரையில் இருந்துவிட்டேன். அழுதேன். பிறகு எழும்பிக் கத்தினேன்.

"இப்பவே வாறன்."

அவள் கையை ஆட்டித் தடுத்தாள்.

"அவசரப்படாதேங்கோ. ஆறுதலா வாங்கோ."

"ஏன், நான் வீட்டில இருக்க ஏலாதோ?"

"ஏலும். ஆனா இந்தக் கிழமை முழுக்க வீட்டில ஒருத்தரும் கத்தேல்லை. நானும் பிள்ளையும் நல்லா நித்திரை கொண்டனாங்கள்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்த வாயைத் திறந்தேன். அக்கரையில் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன், அவளுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக.