கொப்பைத் தொட்ட கல்

போளூர் பஸ் நிலையத்தில் யாரோ இறக்கிய மூட்டையிலிருந்து புதுப் புளியின் வாசனை மூக்கில் ஏறியபோதுதான் சட்டென்று பிடிபட்டது: இருபடிச் சமன்பாட்டுக்கு ஒரே ஒரு விடை எப்போது வரும் என்பதை நானும் பக்கத்து வீட்டுச் செல்வியும் சின்ன வயதிலேயே கல்லெறிந்து பார்த்திருக்கிறோம்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் டீக்கடையை ஒட்டி நின்ற புளியமரம் அது. சாலையை அகலப்படுத்தியபோது மரமும் போனது, கடையும் போனது. மெதுவாக எறிந்தால் கல் காய்க்கொப்பை எட்டாமலே விழும், அங்கே விடையே இல்லை, வேகமாக எறிந்தால் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை என்று கொப்பின் உயரத்தை இருமுறை கடந்து, அதாவது இரண்டு விடை தந்து, கடையின் தகரக் கூரையில் தடாரென்று விழ, "எவடி அவ? கூரைய பேத்துட்டுத்தான் போவியா?" என்று கடைக்கார அக்கா கரண்டியோடு வருவாள். செல்வியின் கல் மட்டும் கொப்பின் உயரத்தை ஒரே ஒரு கணம் தொட்டுவிட்டு இறங்கும், காய் உதிரும். அந்தக் கணம்தான் ஒரே விடை. சூத்திரத்தில் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி பூஜ்யமாகும் இடம்.

அந்தச் செல்விதான் பத்தாவது கணக்கில் இரண்டு முறை தவறியவள். அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறாள். தேறாவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று வீட்டில் முடிவு. உடனே போன் செய்தேன்.

"இன்னாடி, பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு கணக்கா? எனுக்கு அது மண்டைல ஏறாது. பேசாம கல்யாணத்துக்கு வந்து சாப்ட்டு போ."

"வூட்லயே இரு, வர்றேன்."

மலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். பழைய கொப்புக்குப் பதிலாக இரண்டு மூங்கில் நட்டுக் குறுக்கே கயிறு கட்ட வேண்டும். முதலில் அவள் எறியட்டும். சமன்பாட்டை அப்புறம் எழுத வைத்துப் பார்க்கிறேன்.