பதினேழாம் வீடு

இராசமலர் கெட்டிக்காரி. அதுதான் அவளுக்கு வந்த வினை.

மருத்துவ பீடத்துக்கு நாலே நாலு புள்ளி குறைந்து, விஞ்ஞானப் படிப்புக்குப் போனவள். அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட முடிவில் சுகாதார விஞ்ஞானச் சிறப்புப் பட்டப் பிரிவு என்று ஒன்று இருந்தது. நூற்றுச் சொச்சம் பேரில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். உள்ளே நுழைந்தால் ஆய்வுகூடம், ஆஸ்பத்திரிப் பயிற்சி, நாளைக்கு நோய்களை ஆராய்கிற உத்தியோகம். நுழையாவிட்டால் எல்லாரையும் போலச் சாதாரணப் பட்டம். மருத்துவம் கை நழுவிய நாளிலிருந்து அவள் இந்த ஒன்றைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பரீட்சைப் புள்ளி மட்டும் போதாது. விடுமுறையில் சொந்த ஊரில் நாற்பது வீடுகளுக்குப் போய், நோய் நொடி விசாரித்து, ஒரு கள ஏட்டை நிரப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் இலக்கமும் முத்திரையும். பேனையால்தான் எழுத வேண்டும். ‘தாள் கிழிக்கப்பட்ட ஏடு நிராகரிக்கப்படும்’ என்று முதல் தாளிலேயே அச்சடித்திருந்தார்கள். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு வீட்டுப் படியும் ஏறாமல், விடுதிக் கட்டிலில் படுத்தபடியே நாற்பது வீட்டையும் நிரப்பிக் கொடுத்திருந்தானாம். அவன் செய்த திருகுதாளத்துக்குப் பின்னால் வந்ததுகள் அனுபவித்தன.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் இராசமலர் தன் ஊரான கட்டைபறிச்சானில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பதினேழாவது, கனகம்மாவின் வீடு. கனகம்மாவின் புருசன் குணரத்தினம் வயலுக்குத் தண்ணீர் கட்டப்போன இடத்தில் ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கத்துச் சூட்டுக்கும் நடுவில் அகப்பட்டு, இடது கெண்டைக்காலில் குண்டு பட்டுக் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. குண்டுக் காயத்தோடு போனால் இயக்கக்காரனோ என்று முதலில் விசாரணை, பிறகுதான் மருந்து.

“இதையும் எழுதப்போறியே பிள்ளை?” என்று கனகம்மா கேட்டாள்.

“படிப்புக்கு மட்டும்தான் அக்கா. வேற ஒருத்தரும் பாக்கமாட்டினம்” என்றாள் இராசமலர். சொன்னதை அவளே முழுதாக நம்பினாள். பெயர், வயது முப்பத்தொன்று, காயத்தின் அளவு, ‘சிகிச்சை பெறாத காரணம்: பயம்’ என்று அழகான எழுத்தில் எழுதிவிட்டு வந்தாள்.

ஏடுகளை வாங்க, அந்தப் பட்டப் பிரிவுக்குப் பொறுப்பான டொக்டர் கமலாதேவி திருகோணமலைப் பட்டணத்துக்கே வந்திருந்தார். கிழக்குப் பிள்ளைகள் பாதை பூட்டி வரமுடியாமல் நிற்பார்கள் என்று, பள்ளிக்கூடமொன்றில் ஒரே ஒரு நாள் இருக்க ஒழுங்கு செய்திருந்தார். மூதூர்த் துறையில் ஏட்டைப் புரட்டிப் பார்த்த ஆமிக்காரனுக்குத் தமிழ் தெரியாது. முத்திரையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். இராசமலர் நிம்மதியாகப் பட்டணத்துக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்தவர் மூதூர் அலியார். பட்டணத்துக்கு வெற்றிலை கொண்டுபோகிறவர். அவள் மடியில் இருந்த ஏட்டைக் கண்டுவிட்டு, லோஞ்சு நடுக்கடலுக்கு வந்த பிறகு மெல்லக் கதை கொடுத்தார்.

“தங்கச்சி, இதில எழுதியிருக்கிறதெல்லாம் சரியோ? அங்கால துறையில இப்ப தமிழ் வாசிக்கிற ஆளொண்டை இருத்தியிருக்கிறாங்க. நேத்து ஒரு கலியாண அழைப்புக் காட்டையே கால் மணித்தியாலம் வாசிச்சவன்.”

“நல்ல வேளை சொன்னீங்கள் அலியார் நானா” என்றாள்.

பேனையால் வெட்டினால் ஏன் வெட்டினாய் என்பார்கள். ஏட்டைக் கடலில் போடலாமென்றால் கூடவே கடற்படைப் படகொன்று வந்துகொண்டிருந்தது. அப்படிப் போட்டாலும் இடம் போய்விடும். கொண்டுபோனால் குணரத்தினத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள், திரும்பி வருவானோ தெரியாது. தன்மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மனுசன் வாய் திறந்து ஒருவரிடமும் சொல்லாததை முகவரியோடு எழுதிச் சுமந்துகொண்டு வருகிறாளே, எவ்வளவு பெரிய மடைச்சி!

பையைத் திறந்து, அதற்குள்ளேயே கையை விட்டுப் பதினேழாம் தாளைக் கிழித்தாள். எஞ்சின் இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை. சுருட்டிக் காலடியில் போட்டாள். பலகைக்குக் கீழே எண்ணெய் மிதக்கும் தண்ணீர் நின்றது. செருப்பால் மிதித்து மிதித்துக் கூழாக்கினாள். அலியார் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

பட்டணத்துத் துறையில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். ஏட்டை முதல் எழுத்திலிருந்து வாசித்தார். மனிதருக்கு அவசரமே இல்லை.

“பதினாறுக்குப் பிறகு பதினெட்டு. பதினேழு எங்க?”

“பிழையா எழுதிப்போட்டன். கிழிச்சிட்டன்.”

அவர் முதல் தாளுக்குத் திரும்பிப் போய் அந்த அச்சடித்த வரியில் விரலை வைத்தார். “கிழிச்சா ஏடு செல்லாது எண்டு போட்டிருக்கு. அது தெரிஞ்சும் கிழிச்சனீர் எண்டா, அதில என்ன இருந்தது? ஆற்ற வீடு அது?”

பின்னால் நின்ற கடற்படைக்காரன் துவக்கைத் தோள் மாற்றினான். ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் அந்த வீட்டுக்குப் போவார்கள். பேசாமல் நின்றால் நாற்பது வீட்டுக்கும் போவார்கள்.

“ஒருத்தரும் இல்லாத வீடு ஐயா” என்றாள். “சனம் இடம்பெயர்ந்து போட்டுது. நான் அங்க போகவே இல்லை. ஆக்கள் இருக்கிறமாதிரிப் பொய்யா எழுதினனான். பிடிபட்டிடுவன் எண்ட பயத்தில கிழிச்சனான்.”

சொன்னதும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுகை நடிப்பில்லை.

வெள்ளைச் சேட்டுக்காரர் சிரித்தார். “கள்ளக் கணக்கு விடுகிற நீங்களோ எங்கட வருத்தத்துக்கு வைத்தியம் பாக்கப்போறீங்கள்?” என்றார். தாள் இல்லாததற்கு நாளைக்குத் தன்மேல் பழி வரக்கூடாதென்று, பதினாறாம் தாளின் அடியிலே சிவப்புப் பேனையால் எழுதினார்: ‘17 பொய்த் தகவல். கிழித்ததாக மாணவி ஒப்புக்கொண்டார்.’ கீழே அவளிடம் கையெழுத்தும் வாங்கினார்.

பள்ளிக்கூடத்தில் டொக்டர் கமலாதேவி ஏட்டைத் தாள் தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்தது. “இப்படி ஒரு ஏடு எனக்கு இதுவரைக்கும் வரேல்லை” என்றார். சிவப்பு எழுத்துக்கு வந்ததும் நிறுத்தினார். பிறகு எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இது துறையில எழுதினது. அங்க என்னத்தையும் சொல்லவேண்டி வரும், எனக்கு விளங்குது. இப்ப இதில நானும் நீரும்தான். உண்மையைச் சொல்லும், நான் உமக்கு இடம் தாறன்.”

இராசமலர் அவரைப் பார்த்தாள். நல்ல மனுசி. சொன்னால் நிச்சயம் இடம் தருவார். ஆனால் இடம் தர ஒரு காரணம் எழுதவேண்டும். அந்தக் காரணம் இன்னொரு தாளில், இன்னொரு அலுமாரியில், கட்டைபறிச்சான் என்ற பெயரோடு கிடக்கும். வேறு ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள் என்று இன்னொரு தரம் நம்ப அவளால் ஏலவில்லை.

“பொய்தான் எழுதினனான் மேடம்” என்றாள்.

கமலாதேவி பட்டியலை எடுத்து அவள் பெயரை வெட்டினார்.

“நாற்பதில ஒண்டு பொய்யெண்டா மிச்சத்தையும் நம்பேலாது பிள்ளை. இல்லாததை எழுதிற ஆள் ஒரு நோயாளிக்குக் கிட்டவும் போகக்கூடாது.”

“ஓம் மேடம்” என்றாள் இராசமலர். இடம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். நோயாளிக்குக் கிட்டவும் போகக்கூடாது என்ற அந்த வார்த்தை சரியென்று அவளுக்கும் தெரிந்திருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.