கதைக்கக் கூடாத சுடுதண்ணீர்

ஆறு நாளாக ஒரு கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு காரின் பின்சீற்றில் இருந்தேன். மகளுக்கு நாட்டின் மறுகரையில், வன்கூவரில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போகாதே, எங்களோடு மொன்றியலிலேயே இரு என்று கேட்கத்தான் இந்தக் காஸ்பே கடற்கரைப் பயணத்துக்கே நான் தலையாட்டினேன். கடல் பார்க்கவோ பாறை பார்க்கவோ இல்லை.

கேட்க விட்டால்தானே! மொன்றியல் வீட்டில் அவள் இருப்பது நித்திரைக்கு மட்டும். காரில் அவள் ஓட்ட, பக்கத்தில் என் கணவர். போனில் ஒரு குரல் வழி சொல்ல, அதற்கு மேலால் இவரும் வழி சொல்லிக்கொண்டே வந்தார். இவரை வைத்துக்கொண்டு கேட்கவும் முடியாது. வன்கூவர் என்றாலே கண் கலங்கிவிடும் மனிதர். ஹோட்டலிலும் மூவருக்கும் ஒரே அறை. கடற்கரையில் தனியே பிடிக்கலாம் என்று பின்னால் ஓடினால், அவள் படமெடுக்கப் பாறையில் ஏறிவிடுவாள். என் முழங்காலோடு நான் எங்கே ஏறுவது?

கடைசி நாள், மொன்றியலுக்கு ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்போது, மகள் ஒரு காட்டுப்பாதையில் காரைத் திருப்பினாள். ஸ்பாவாம். நிலத்துக்கடியில் உள்ள சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்குகிறார்களாம். எங்களிடம் கேட்காமலே பதிந்தும் விட்டாள்.

“உங்கட முழங்காலுக்கு நல்லம், அம்மா.”

இவருக்கு அரைக்காற்சட்டையோடு ஆட்களுக்கு முன்னால் நிற்க வெட்கம். “நீங்கள் போங்கோ, நான் காருக்க படுக்கிறன்” என்றவர், மகள் முன்னால் நடந்ததும் என் கையைப் பிடித்தார். “இண்டைக்கெண்டாலும் கேட்டுப்போடு.”

எனக்கும் அதுதான் எண்ணம். அவளும் நானும் மட்டும். தண்ணீருக்குள் எங்கே ஓடுவாள்?

நீச்சலுடைக்கு மேல் ரீசேட் போடக்கூடாது என்றாள் அங்கே வேலை செய்த பெண். அந்த வெட்கத்தையும் விழுங்கிக்கொண்டு, ஆவி பறக்கும் குளத்தில் கழுத்தளவு இறங்கினேன். மகளுக்குக் கிட்டப் போய், “பிள்ளை, உன்னோட ஒண்டு கதைக்கோணும்” என்றேன். அவ்வளவுதான். அந்தப் பெண் விரலை உதட்டில் வைத்தபடி ஓடி வந்தாள். இங்கே யாரும் கதைக்கக் கூடாதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டுப் பத்துப் பேர் அவியப் போட்ட கிழங்கு மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள், ஒரு சத்தமில்லை. செத்தவீட்டில்கூட எங்கள் ஆட்கள் இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. அடுத்த தொட்டிக்குப் போனோம், அங்கேயும் அதே சட்டம். நீராவி அறையில் யாருமில்லை என்று நினைத்து வாயைத் திறந்தேன். மூலையிலிருந்து ஒரு தாடிக்காரர் “ஷ்ஷ்” என்றார். அட கடவுளே, அந்த மனிதர் இருந்ததே தெரியவில்லை! பிறகு குளிர்த் தொட்டி. அதற்குள் கேட்க எனக்கு மூச்சே வரவில்லை. மகள் மட்டும் ஆறு நாளும் இல்லாத நிம்மதியோடு கண்ணை மூடியிருந்தாள். அதைப் பார்க்க இன்னும் எரிந்தது.

உடுப்பு மாற்றும் அறையில்தான் கதைக்கலாம். கதவு சாத்தியதும் பொரிந்து தள்ளினேன். “கதைக்கேலாத இடத்துக்கு ஆரும் தாயைக் கூட்டிக்கொண்டு வருவினமோ? உனக்கென்ன விசரே?”

துவாயால் தலை துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“கதைக்கக் கூடாத இடமெண்டு பாத்துத்தான் பதிஞ்சனான்” என்றாள். “நீங்கள் என்ன கேக்கப் போறீங்களெண்டு எனக்குத் தெரியும், அம்மா. கேட்டா நான் நிண்டிடுவன். ஆனா எனக்குப் போக விருப்பம். தயவுசெய்து கேக்காதேங்கோ.”

நான் ஈரத் துவாயை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். ஒரு வார்த்தை போதும், அவள் நின்றுவிடுவாள். அதை அவளே சொல்லி என் கையில் தந்துவிட்டாளே என்றுதான் கோபம் கோபமாக வந்தது. வாயைத் திறந்தால் கேட்டுவிடுவேன் என்று பயந்து, செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வெளியே மகள் காரின் பின்பெட்டியில் பைகளை அடுக்கினாள். இவர் அவசரமாகக் கண்ணாடியை இறக்கினார்.

“கேட்டனியே?”

“ஓம், கேட்டனான்” என்றேன். “போகத்தான் போறாளாம். நீங்கள் இனி அதைப்பற்றி அவளிட்ட வாய் திறக்கக் கூடாது.”