இடியப்ப உரலுக்கு ஒரு காப்புரிமை

யன்னல் இடுக்குகளுக்குப் பசை அடிக்கும் ‘கன்’ என்கிற துப்பாக்கியை இடியப்ப உரலோடு பொருத்தியது நான். தொழிற்சாலை வேலையில் மணிக்கட்டு பழுதான பிறகு என்னால் உரலைப் பிழிய முடியவில்லை. கன்னின் விசையை நாலு தரம் அமத்தினால் மா தானாக இறங்கியது.

எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக்கு என் கணவரோடு சீட்டாட வருபவர்கள் அந்த இடியப்பத்தைத் தின்றுவிட்டு, "அண்ணை, உதுக்குப் பேற்றன்ற் எடுங்கோ" என்றார்கள். காப்புரிமை என்றதும் அண்ணை அன்றே விஞ்ஞானி ஆகிவிட்டார். உரலைத் துவாயால் மூடி வைத்தார். ஒஷாவாவிலிருந்து வரும் என் தங்கை பார்த்துக் களவெடுத்துவிடுவாளாம்.

விஞ்ஞானி வரலாறும் படித்தார், எனக்கும் வாசித்துக் காட்டினார். காப்புரிமை என்பது ஆதியில் அரசர் முத்திரை குத்தி, எல்லாரும் வாசிக்கும்படி மூடி ஒட்டாமல் கொடுத்த கடிதமாம். இங்கிலாந்தின் அரசி ஒருத்தி உப்புக்கும் சீட்டுக்கட்டுக்கும்கூட, ஒன்றையும் கண்டுபிடிக்காத அரண்மனை ஆட்களுக்கு அந்தக் கடிதத்தை அள்ளிக் கொடுத்தாளாம். சனம் கொதித்தெழுந்த பிறகுதான், உண்மையில் முதலில் செய்தவருக்கே உரிமை என்று சட்டம் வந்ததாம். இந்தக் கடைசிப் பகுதியை அவர் கொஞ்சம் வேகமாக வாசித்தார்.

வெக்ஸ்போர்ட்டில் காப்புரிமை விண்ணப்பம் செய்துகொடுப்பவள் ஒரு தமிழ்ப் பிள்ளை; இரண்டு பேரும் அவளிடம் போனோம். படிவத்தை நீட்டி, "கண்டுபிடிச்ச ஆளின்ர பேர் இந்தப் பெட்டியில, அங்கிள்" என்றாள். அவர் தன் பெயரை முத்து முத்தாக எழுதினார்.

"இதால என்ன பிரயோசனம்?" என்று பிள்ளை கேட்டாள்.

"கை நோகாது."

"ஆருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் ஒரு நாளும் இடியப்பம் பிழிந்ததில்லை.

"இவவும் கூடமாட நிண்டவதான். உதவி செய்தவ எண்டு ஒரு மூலையில போடுங்கோவன்."

"உதவிக்குப் பெட்டி இல்லை, அங்கிள்."

அகதி விண்ணப்பம் தொடங்கி எல்லாப் படிவங்களிலும் விண்ணப்பதாரர் அவர், நான் அவரில் தங்கியிருப்பவள். அதெல்லாம் எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை. இது நான் செய்த சாமான்.

"பிள்ளை, புதுப் படிவம் ஒண்டு தாங்கோ. இதைச் செய்தது நான்" என்றேன்.

மணிக்கட்டு நோக நோக என் பெயரை எழுதினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டி, நான் பிழையில்லாமல் எழுதுகிறேனா என்று பார்த்தார்.