நான் பொறுப்பு நின்ற பிள்ளை

சண்டைக் காலத்து அந்த வருடங்களை நினைத்தால் முதலில் வருவது பயம் இல்லை, களைப்புத்தான். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனியின் கணக்குப் பகுதியில் எனக்கு வேலை. வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் எப்படியும் இரண்டு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குவார்கள். கைப்பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, ஏறி, மறுபடி இறங்கி, கடைசியில் மூன்றாம் மாடிக்குப் படி ஏறும்போது முழங்கால் இரண்டும் வேறு யாருடையவோ போலிருக்கும்.

வீட்டில் என் கணவர் இருப்பார். எப்போதும் இருப்பார். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக இராணுவம் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் அவரையும் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து பிறகு விட்டார்கள். "அவங்கள் ஒண்டும் செய்யேல்லை" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை. கடை, சந்தை, தண்ணீர் பில், மருந்து எல்லாம் என் தலையில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

என்னோடு வேலை செய்த முஸ்லிம் பெண் ஒருத்தி கொட்டாஞ்சேனையில் இருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் கதையைத் தொடங்கினாள்.

"எங்கட ஊட்டுக்குப் பொறத்தால ஒரு அறையில மன்னார்ப் பக்கத்து ஆக்கள் ஈக்கிற. தாயும் மகளும். தகப்பன் ஷெல் பட்டு மவுத்தாம். அந்தப் புள்ள ஓ.எல். சோதனையில நல்லாச் செஞ்சிருக்கி. இப்ப ஸ்கூலும் இல்ல, ஒண்ணும் இல்ல, இடியப்பம் புழியுது. நீங்க ஒருக்கா வந்து பாருங்களேன்."

பார்க்காமல் விட்டிருக்கலாம். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

அறை முழுவதும் ஆவி. தாய் விடியமுன் எழும்பி இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். மகள் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பதினேழு வயது இருக்கும். என்ன படிக்க விருப்பம் என்று கேட்டேன்.

"விருப்பத்தைக் கேட்டு என்ன செய்யிறது அன்ரி? கணக்கு வரும். அவ்வளவுதான்."

முகம் கொடுத்துக் கதைக்கிற பிள்ளை இல்லை. ஆனால் அந்தப் பதில் எனக்குப் பிடித்துக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்குப் போகிற ஏ.எல். பரீட்சையின் கணிதப் பிரிவுக்கு ரியூசன் காசு, பஸ் காசு, புத்தகம் எல்லாம் நான் பார்க்கிறேன் என்று தாயிடம் சொன்னேன். மாதம் ஒருமுறை காசைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். உதவி என்றால் அவ்வளவுதான் என்று அப்போது எனக்கு எண்ணம்.

நல்ல வகுப்புகள் வெள்ளவத்தையில் இருந்தன. பிள்ளை கொட்டாஞ்சேனையில் இருந்து தனியே வந்து போனாள். சில மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அவளோடு படிக்கிற பிள்ளை ஒன்று மூச்சு வாங்க வாங்கப் படி ஏறி வந்தது. "அன்ரி, செக் பொயிண்டில பிடிச்சிட்டாங்கள். மன்னார் அடையாள அட்டை எண்டு சொல்லி ஜீப்பில ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

நான் செருப்பை மாட்டினேன். கணவர் எழும்பி வாசல்வரை வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

பொலிஸ் நிலையத்தில் பிள்ளை ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கொப்பிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார்:

"இவள் உங்களுக்கு என்ன சொந்தம், நோனா?"

"சொந்தம் இல்லை. படிப்புச் செலவு நான் பார்க்கிறேன்."

"ஏன்?"

கந்தோரில் வேலைக்குப் பழகிய சிங்களத்தில் சொற்களைத் தேடினேன். தம்பியின் மகள், என் மருமகள் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும் என்று தோன்றியது. சொந்தமில்லாத வடக்குப் பிள்ளைக்கு ஒருத்தி சும்மா காசு கொடுப்பாளா, பின்னால் யார் இருக்கிறார்கள், யார் சொல்லிச் செய்கிறாய் என்று கேள்வி வேறு பக்கம் திரும்பியது. நல்ல காரியம் ஒன்று இப்படியும் தெரியலாம் என்று நான் யோசித்திருக்கவில்லை.

"ஒருத்தரும் சொல்லவில்லை, மாத்தயா. பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறது. படிக்காமல் விட்டால் வீணாகப் போய்விடும்" என்றேன்.

அவர் பிள்ளையின் அடையாள அட்டையை மேசையில் வைத்தார். நம்பினாரோ, அவருக்கும் அலுத்துப்போயிற்றோ தெரியாது. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் இப்படி அலைய முடியாது, ஒரு விலாசத்தில் பதிந்து இருக்கவேண்டும், யாராவது பொறுப்பு நிற்கவேண்டும், ஏதும் நடந்தால் முதலில் பொறுப்பு நின்றவரைத்தான் பிடிப்போம் என்றார். எங்கள் வீட்டு விலாசத்தில் அவளைப் பதிந்து நான் கையெழுத்துப் போட்டேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கணவர் கேட்டார்: "நீர் கையெழுத்துப் போட்டனீரோ?"

"ஓம்."

"யோசிச்சுத்தானோ போட்டனீர்?"

"இல்லை."

அவர் சிரித்துவிட்டார். நெடுநாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

அடுத்த நாள் தாய் உடுப்புப் பையோடு வந்தாள். பையை மகளிடம் கொடுத்துவிட்டு என்னைக் குசினி அடுப்பருகே கூப்பிட்டாள்.

"நீங்கள் நல்லதுக்குத்தான் செய்யிறியள் அக்கா. நான் குறை சொல்லேல்லை. ஆனா எனக்கெண்டு மிஞ்சினது இவள் ஒருத்திதான். அவளையும் இப்ப உங்கட வீட்டுப் பதிவில போட்டாச்சு."

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

நான் விடிய வேலைக்குப் போய்விடுவேன். வகுப்புக்கு இந்தப் பிள்ளையை யார் கூட்டிப்போவது என்று இரவெல்லாம் எனக்கு யோசனை. திங்கட்கிழமை காலையில் கணவர் நீளக் காற்சட்டையும் சேர்ட்டும் போட்டுக்கொண்டு நின்றார். சேர்ட் பொத்தான் ஒன்றை மாறிப் பூட்டியிருந்தார்.

"எங்க வெளிக்கிட்டனீங்கள்?"

"இவளை வகுப்பில விட்டுட்டு வாறன். தனியப் பொம்பிளைப் பிள்ளையெண்டா மறிப்பாங்கள். வயசு போனவன் ஒருத்தன் கூட வந்தா அவ்வளவு கேக்கமாட்டாங்கள்."

அன்று கந்தோரில் நான் ஒரு கூட்டலைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. மாலையில் வந்து பார்த்தால் மனிதர் களைத்துப்போய்ப் படுத்திருக்கிறார். வகுப்பு முடியும்வரை எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் இருந்தாராம். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். இரண்டு மாதத்தில், சந்தையில் கத்தரிக்காய் விற்கிற விலையைப் பற்றி என்னோடு சண்டை பிடிக்கத் தொடங்கினார். எனக்கு அது பாட்டுக் கேட்பதுபோல இருந்தது.

பிள்ளை எங்களோடு அதிகம் கதைக்கமாட்டாள். படிப்பாள், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பாள், ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரோடு கொட்டாஞ்சேனைக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு வருவாள். மின்சாரம் நிற்கிற நாட்களில் பல்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு தெரு வெளிச்சத்தில் படிப்பாள். எனக்கு நேசம் காட்ட நேரமும் இல்லை, தென்பும் இல்லை. காலையில் மூன்று பேருக்குச் சோறு கட்டினேன், அவ்வளவுதான்.

பரீட்சை முடிந்து முடிவு வந்தது. மூன்று பாடமும் சித்தி, தேறிவிட்டாள். ஆனால் பல்கலைக்கழகம் இல்லை. மன்னாரில் இருந்து எழுதியிருந்தால் அதே புள்ளிகளுக்குப் பொறியியலே கிடைத்திருக்கும், கொழும்பில் இருந்து எழுதியபடியால் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் வெட்டுப்புள்ளி எங்கேயோ உயரத்தில் நின்றது. சண்டை துரத்தியதால்தான் கொழும்புக்கு வந்தாள். வந்ததற்கும் தண்டனை.

செய்தி கேட்டுத் தாய் படி ஏறி வந்தாள். அன்றைக்குத்தான் அவளுடைய வலது கையைக் கவனித்தேன். மணிக்கட்டு வீங்கிப் பழந்துணியால் சுற்றிக் கட்டியிருந்தது. இவ்வளவு காலமும் ஒருத்தியாக அந்த உரலைப் பிழிந்திருக்கிறாள்.

"காணும் அக்கா. அவளை இனி விடுங்கோ. எனக்கு ஏலாது. மருதானையில ஒரு தையல் கடையில வேலை இருக்காம்."

உண்மையில் எனக்கும் காணும், இவ்வளவு போதும் என்றுதான் இருந்தது. விடியக்காலைச் சமையல், பொலிஸ் பதிவு, வீட்டைச் சோதிக்க வரும்போதெல்லாம் 'இவள் யார்' என்ற விளக்கம். ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்கு முன்னால் பிள்ளை தாய்க்கு முன் தரையில் குந்தினாள்.

"அம்மா, இன்னும் ஒரேயொரு தரம் எழுதிப் பாக்கிறன். விடிய நான் அங்க வந்து பிழிஞ்சு தந்திட்டு வகுப்புக்குப் போறன்."

"எப்பிடியடி வருவாய்? இருட்டில செக் பொயிண்டைத் தாண்டியோ?"

மூலையில் இருந்த கணவர்தான் பேசினார். "அவள் அங்க ஏன் போகவேணும்? நீங்கள் இஞ்ச வாங்கோவன், தங்கச்சி. உரலையும் கொண்டு வாங்கோ. இந்த மாடிக் கட்டடத்திலயே எத்தினை குடும்பம் கடையில வாங்கித் தின்னுது."

நான் அவரை முறைத்துப் பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு அறை வீடு. ஆனால் சொல்லியாயிற்று, தாயும் அழத் தொடங்கிவிட்டாள், பிறகு நான் என்ன சொல்வது? மறுபடி பொலிஸ் நிலையம், மறுபடி பதிவு, மறுபடி கையெழுத்து.

அந்த ஒரு வருடம் எங்கள் குசினி எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. தாயும் மகளும் விடியமுன் எழும்புவார்கள். கணவர் மாடி மாடியாக இடியப்பப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பார். தாயும் நானும் உப்புக்கும் புளிக்கும் கோபித்துக்கொண்டோம், சேர்ந்தும் சாப்பிட்டோம். நான் களைத்து வருகிற நாளில் அவள் கேளாமலே என் காலுக்குச் சுடுதண்ணீர் வைத்துத் தருவாள். பிள்ளை யாருக்குச் சொந்தம் என்ற கதை அதற்குப் பிறகு எழும்பவில்லை.

இரண்டாம் தரமும் பொறியியல் கிடைக்கவில்லை. பௌதிக விஞ்ஞானம் கிடைத்தது. பிள்ளைக்கு ஏமாற்றம்தான், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு போனாள், படித்தாள், பட்டம் எடுத்தாள். ஊருக்குப் போகும் பாதை திறந்து சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலத்தில் தாய் ஊருக்குத் திரும்பினாள். மகள் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை ஆனாள். மறுபடி சண்டை வந்து பாதை மூடியபோதும் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். பல மாதம் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் வராமல் நானும் கணவரும் வானொலியைக் கட்டிக்கொண்டு இருந்தோம். உயிரோடு மீண்டார்கள்.

என்னைப் புகழ்கிறவர்கள், நீங்கள்தானே அந்தப் பிள்ளையைப் படிப்பித்து ஆளாக்கினீர்கள் என்கிறார்கள். எனக்கு அது அரைவாசிதான் உண்மை போலப் படும். தாய் கையைக் கொடுத்தாள், பிள்ளை தூக்கத்தைக் கொடுத்தாள். நான் சம்பளத்தில் ஒரு பங்கும் இரண்டு கையெழுத்தும் கொடுத்தேன். எனக்குத் திரும்பக் கிடைத்தது என் மனுசன். சாகும்வரை தினமும் வெளியே நடந்து போய் வந்தார்.

போன கிழமை பின்னேரம் மன்னாரில் இருந்து பிள்ளை தொலைபேசியில் எடுத்தாள். காட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பரீட்சை முடியும்வரை தன் வீட்டில் வைத்திருக்கிறாளாம். ஒருத்திக்குக் காய்ச்சல், மற்றவள் படிக்கிறாளில்லை, புருசன் முணுமுணுக்கிறான், பள்ளிக்கூடத்தில் வகுப்புகளுக்கு நேரசூசி போடுகிற வேலை வேறு.

"ஏன் இதைத் தலையில ஏத்தினன் எண்டு இருக்கு அன்ரி. நல்லாக் களைச்சுப் போனன்."

"களைக்கும்தான், பிள்ளை" என்றேன். "காய்ச்சல்காரிக்கு என்ன மருந்து குடுத்தனி?"